துருப்பிடித்தது கத்தியின் குற்றமா?

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஒருவர் கொல்லர் பட்டறையில் அடித்த கத்தியை இரவெல்லாம் பாத்திரத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, காலையில் துருவைக் காட்டி, "கைவேலை என்ற பெயரில் ஏமாற்று" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் வீசுகிறார். கீழே ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வருகிறது.

நல்ல கத்தியா என்பதைப் பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. வெட்டிப் பார்க்க வேண்டும், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நம் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் கத்தியாக அடிக்கிறார்கள். அதில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். அதனால்தான் துவைச்சல் (காய்ச்சி முக்கி இரும்பைக் கடினமாக்குவது) ஏறுகிறது, கூர் நிற்கிறது. துருப்பிடிக்காமலிருக்க எஃகில் 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். பட்டை அதன் அருகில்கூட வராது. துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

துவைச்சல் என்பது சும்மா இல்லை. 800 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அலகு கண்ணாடிபோல் விறைத்துவிடும், தவறி விழுந்தால் தெறிக்கும். பிறகு 200 டிகிரி அளவில் மறுபடி சூடு காட்ட வேண்டும். தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஏறும்போது எடுத்துவிட வேண்டும். நீலம் பாய விட்டால் கூர் சீக்கிரம் மழுங்கும். அந்த நிறத்தை வெறுங்கண்ணால் பிடிக்கிற மனிதரையா ஏமாற்றுக்காரர் என்கிறீர்கள்?

என் அம்மா இடது கைக்காரர். எங்கள் ஊர் ஆசாரி அவர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, வெட்டுவதுபோல் பிடித்துக் காட்டச் சொன்னார். ஒருபக்கச் சாய்வாகத் தீட்டும் கத்தி அது. வழக்கமாக வலப்பக்கம் வைக்கும் சாய்வை அம்மாவுக்காக இடப்பக்கம் வைத்தார். பூவரசம் பிடியின் பின்முனையைத் தடிப்பாக விட்டார், மீன் ஈரத்தில் கை நழுவக் கூடாது என்று. அலகின் அடி பிடியைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். நறுக்கும்போது விரல்முட்டி பலகையில் இடிக்காது. வரைபடம் எதுவும் கிடையாது. அம்மாவின் கையைத்தான் பார்த்தார்.

"எவர்சில்வர் கத்தி வசதியில்லையா?" வசதிதான், வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாக் கொல்லரும் ஒழுங்கா?" இல்லை. சாதா இரும்பை அடித்துத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் குப்பையில் வீசிய அந்தக் கத்தி தக்காளியைத் தோல் கசங்காமல் அறுத்ததை, காணொளி போட்டவரே இதற்கு முன் போட்ட முதல் காணொளியில் காட்டியிருக்கிறார். பிறகு எங்கே வந்தது ஏமாற்று?

"பழம்பெருமை பேசுகிறீர்கள்" என்பவர்களுக்கு: ஜப்பானில் சகாய் நகரத்துக் கார்பன் கத்தியும் ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்கும். அதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துகிறீர்கள். நம் ஆசாரியிடம் மட்டும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி உலை முன்னால் நின்று பேரம் பேசுகிறீர்கள். திருப்பாச்சேத்தி என்றால் உங்களுக்கு வெட்டுக்குத்துதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அடித்த அரிவாள் இளநீர் சீவுவதும், விறகு வெட்டுவதும், கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகப் போவதும் கண்ணில் படவில்லை. அந்த மனிதர்களின் பிள்ளைகள் ஏன் சம்மட்டியைத் தொட மறுக்கிறார்கள் என்று அடுத்த மாதம் நீங்களே உருக்கமாகப் பதிவும் போடுவீர்கள்.

காணொளி போட்டவர் அந்தக் கத்தியை எனக்கு அனுப்பட்டும். அஞ்சல் செலவை நான் தருகிறேன். துருவைத் தேய்த்து, சாணை பிடித்து, அதே தக்காளியை அறுத்துக் காட்டுகிறேன். அதையும் அவர் பக்கத்தில் போடட்டும்.