பழைய ஸ்கேன் சிடியைப் பத்திரமாக வையுங்கள்

புற்றுநோய் சிகிச்சை முடிந்து பல வருடம் நன்றாக இருப்பவரின் ரிப்போர்ட்டில் "நுரையீரலில் 5 மி.மீ. நாட்யூல்" என்று ஒரு வரி வந்துவிட்டால் வீடே ஆடிப்போகிறது. டாக்டரைப் பார்ப்பதற்குள்ளேயே "பரவிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அக்காவுக்கு (மார்பகப் புற்று) இந்த வரி வந்தபோது எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

3 செ.மீ. வரை உள்ள எந்தப் புள்ளியும் நாட்யூல்தான். பழைய டிபி ஆறிய தழும்பாக இருக்கலாம், நுரையீரலுக்குள் இருக்கும் சின்ன நிணநீர்க் கணுவாக இருக்கலாம். பழைய புற்று பரவியதாகவும் இருக்கலாம், நுரையீரலிலேயே புதிதாகத் தொடங்கிய புற்றாகவும் இருக்கலாம், இந்த இரண்டுக்கும் வைத்தியமே வேறு. "பெட் ஸ்கேன் (புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்துட்டா தெரிஞ்சிடும்" என்பார்கள். 8 மி.மீ.க்குக் கீழே உள்ளதை அது பெரும்பாலும் சரியாகக் காட்டாது, அப்புறம் டிபி இருந்தாலும் அந்த இடம் ஒளிரும்.

"சின்னதுதான், விடுங்க" என்று சொல்வதும் தப்பு. சின்ன நாட்யூல்களைத் தொடர்ந்து பார்க்கத் தேவையில்லை என்று பலரும் சொல்வது நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் தந்த 2017 வழிகாட்டுதலை வைத்து. ஆனால் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஸ்கேன் சீட்டில் பழைய நோயை எழுதாமல் "இருமல்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுக்கு அது எப்படித் தெரியும்? சளிப் பரிசோதனைகூடச் செய்யாமல், பார்த்தால் டிபி மாதிரி இருக்கிறது என்று ஆறு மாத மாத்திரையை ஆரம்பிப்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அது புற்றாக இருந்துவிட்டால் போன மாதங்களை யார் திருப்பித் தருவது?

அக்காவின் டாக்டர் முதலில் கேட்டது பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டைத்தான். ரெண்டு வருடத்துக்கு முந்தைய படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருட்டினார். அதே புள்ளி, அதே இடத்தில், அதே அளவில், பழைய படத்திலும் இருந்தது. அன்றைய ரிப்போர்ட்டில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்.

5 மி.மீ. புள்ளி 6.3 மி.மீ. ஆனாலே அதன் கன அளவு இரட்டிப்பு. ஆனால் ஒரே படத்தை ரெண்டு பேர் அளந்தாலும் ஒரு மி.மீ. முன்னே பின்னே வரும். அதனால்தான் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது, படமே வேண்டும். சில ஸ்கேன் சென்டர்களில் கேட்டால்தான் சிடி தருகிறார்கள், சில இடங்களில் தனியாகக் காசு. இது நோயாளிக்குக் கேட்காமலே கையில் வர வேண்டிய பொருள். வரும் வரைக்கும், கவுன்ட்டரை விட்டு நகராமல் கேட்டு வாங்குங்கள், நுரையீரலை மெல்லிய அடுக்கடுக்காகக் காட்டும் படங்களும் அதில் இருக்கிறதா என்று சேர்த்தே கேளுங்கள்.