பன்னீர்ச் செம்பும் பதினோரு கமிட்டியும்

கல்லூரி திறந்ததும் வரும் சர்குலர்களில் ஆசிரியர்களான நாங்கள் விழுந்தடித்துப் படிப்பது கமிட்டிப் பட்டியலைத்தான். இரண்டு வருடம் முன்பு அதில் என் பெயர் 11 இடங்களில் இருந்தது. தேர்வு, நூலகம், ஆண்டு மலர், ராகிங் தடுப்பு, பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் அமைப்பின் ஐந்தாவது கிரைட்டீரியன், வரவேற்பு, இன்னும் என்னென்னவோ. கேன்டீன் கமிட்டியிலும் நான் உண்டு என்பது டிசம்பரில்தான் தெரிந்தது. சாம்பாரில் ஏதோ கிடந்தது என்று கிண்ணத்தோடு இரண்டு பையன்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கமிட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர்கள் விலகிக்கொண்டால் அந்த முடிவுகளையெல்லாம் அலுவலகமும் நிர்வாகமுமே எடுத்துவிடும். அது இதைவிட மோசம். என் புகார் வேறு. இந்த வேலைக்கு ஆகும் நேரத்தை யாருமே கணக்கில் வைப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மொத்த வேலை 40 மணி நேரம். வகுப்பு டைம் டேபிளில் ஏறிவிடுகிறது, கிழமைக்குப் பதிலாக வைத்திருக்கும் டே ஆர்டர் மாறினாலும் அது நகராது. மிச்சத்தில்தான் பாடத் தயாரிப்பு, விடைத்தாள், ஆராய்ச்சி, கமிட்டி எல்லாம். வேடிக்கை என்னவென்றால், பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் வகுப்புக்கு வெளியே மூன்று செயல்பாடுகளில் பங்கெடுத்திருந்தாலே 'நன்று' கிடைத்துவிடும். பதினொன்றில் இருந்தாலும் அதே 'நன்று'தான். எட்டு கமிட்டி இனாம்.

அந்த செமஸ்டர் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். வகுப்பில் 236 மணி நேரம், கமிட்டிகளுக்கு 171. கூட்டங்களில் உட்கார்ந்தது அதில் கால்வாசிகூட இல்லை. பாக்கி எல்லாம் காகிதம். முக்கால் மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு சர்குலர், அழைப்பிதழ், வருகைத் தாள், பின்னூட்டப் படிவம், அறிக்கை, மினிட்ஸ், போட்டோ. போட்டோவும் சும்மா இருந்தால் ஆகாது, இடமும் தேதியும் அதிலேயே பதிந்திருக்க வேண்டும். ஒருமுறை மரம் நடு விழா முடிந்த பிறகுதான் கவனித்தோம், எடுத்த எதிலுமே ஜியோ டேக் இல்லை. காரில் ஏறப் போன சிறப்பு விருந்தினரைத் திரும்பக் கூட்டி வந்து, நட்ட கன்றைப் பிடுங்கி, மறுபடியும் நட வைத்தோம். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே செய்தார். கன்றுதான் பிழைக்கவில்லை.

இதைச் சிரித்துச் சொல்லிவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. உள் புகார்க் குழு மற்ற கமிட்டிகளைப் போல் கிடையாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தின்படி ஒரு புகாரை 90 நாளுக்குள் விசாரித்து முடித்தாக வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார நேரம் வேண்டும். ஒரு மாணவி என்னிடம் பேச வந்து துறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு, வரவேற்புக் கமிட்டிக்கு நான்தான் கன்வீனர். பொன்னாடை எண்ணிக்கை சரியில்லை என்று போன், டீ வரவில்லை என்று இன்னொரு போன். "இரும்மா, இதோ வந்துடறேன்" என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது முறை வந்து பார்த்தபோது பெஞ்ச் காலி. மறுநாள் நானே தேடிப் போய்ப் பேசினேன், அவளும் பேசினாள். ஆனாலும் அந்தக் காலி பெஞ்சை இன்னும் மறக்க முடியவில்லை.

யாருக்கு எந்தக் கமிட்டி என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பர்ச்சேஸ், கட்டடம், நிதி என்றால் ஆண்கள். கோலம், குத்துவிளக்கு, வரவேற்பு, கலை விழா என்றால் பெண்கள். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருக்கும் பீரோவின் சாவி 9 வருடம் என் கைப்பையில் கிடந்தது. அப்புறம், முடியாது என்று ஒருமுறை சொன்னவரை அடுத்த வருடம் யாரும் கேட்பதில்லை. ஒழுங்காகச் செய்து கொடுத்தால் இன்னும் இரண்டு சேரும். இதில் என் தப்பும் உண்டு. "உங்களை மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க மேடம்" என்று சொன்னால் உள்ளூரக் குளிர்ந்துவிடும்.

போன வருடம் டைரியை எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன். அழவில்லை, சண்டையும் போடவில்லை. பக்கத்தைத் திருப்பி அவர் மேஜையில் வைத்தேன். "உள் புகார்க் குழு, நூலகம், தேர்வு, இந்த மூணையும் உருப்படியா செய்றேன் சார். மத்ததை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுங்க. வருஷா வருஷம் மாத்துங்க" என்றேன். அவர் 171 என்ற எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதைக் கூட்டிப் பார்த்திருப்பாரோ என்னவோ. கடைசியில் "பார்க்கலாம்மா" என்றார். இந்த ஜூனில் வந்த பட்டியலில் என் பெயர் ஐந்து இடங்களில் இருந்தது. மூன்று கேட்டேன், ஐந்து வந்தது. சரி, இருக்கட்டும். கமிட்டி வேலைக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது டைம் டேபிளிலேயே ஒதுக்க வேண்டும் என்று கேட்டதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. அதற்கு மறுபடியும் டைரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரவேற்புக் கமிட்டி இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு. பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "மேடம், பன்னீர் எந்தக் கடையில கிடைக்கும்?"