காதடைப்பான் மட்டும் போதாது
கட்டுமானத் தொழிலாளர்கள் அனைவருக்கும் காதடைப்பான் வழங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்தை ஏற்கிறேன். ஆனால் வழங்கிவிட்டாலே கடமை முடிந்தது என்ற தொனியை ஏற்க முடியவில்லை. நுரைக் காதடைப்பானை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை யாரேனும் செய்து காட்டாவிட்டால், அது காதில் பெயருக்குத் தொற்றிக்கொண்டிருக்குமே தவிர ஒலியைத் தடுக்காது. பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியைக் காதடைப்பான் இல்லாமல் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும் என்பதால், 100 டெசிபலில் கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தின் அருகே 15 நிமிடங்களே வேலை செய்யலாம். ஓசை குறைந்த இயந்திரங்களை வாங்குவதும், கம்ப்ரசரைத் தள்ளி நிறுத்துவதும், ஆட்களைச் சுழற்சி முறையில் மாற்றுவதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. இவற்றுக்குச் செலவாகும் என்பதால்தான் பலரும் காதடைப்பானோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கருதுகிறேன்.