தலைவரைக் கொன்றால் பேச்சுக்கு வருவார்களா?

வெள்ளவத்தைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாக ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "ட்ரோன் அடித்துத் தலைவரை முடித்தால் மிச்சப் பேர் தானாகப் பேச்சுக்கு வருவார்கள், பாகிஸ்தானில் அப்படித்தான் நடந்தது" என்கிறார் ஒருவர். பாகிஸ்தானில் நடந்தது நேர்மாறு.

2013 மே மாதம் பாகிஸ்தான் தாலிபானின் இரண்டாம் நிலைத் தலைவர் வலியுர் ரஹ்மான் அமெரிக்க ட்ரோனில் இறந்ததும், பேசத் தயார் என்று சொல்லியிருந்த அமைப்பு அதைத் திரும்பப் பெற்றது. நவம்பர் 1இல் தலைவர் ஹகிமுல்லா மெஹ்சூத் கொல்லப்பட்டார். அரசின் தூதுக்குழு மறுநாள் புறப்பட இருந்தது என்று சொன்ன உள்துறை அமைச்சர் சவுத்ரி நிசார், சமாதான முயற்சியையே கொன்றுவிட்டார்கள் என்று கொதித்தார். அடுத்து வந்த ஃபஸ்லுல்லா பேச்சே கிடையாது என்றார், அவர் முன்னவரைவிடக் கடும்போக்காளர்.

ஆப்கான் தாலிபான் தலைவர் மன்சூர் 2016 மே 21இல் ட்ரோனில் இறந்தார். நான்கே நாளில் புதுத் தலைவர் வந்துவிட்டார், ஆனால் அமெரிக்காவுடனான தோஹா ஒப்பந்தம் கையெழுத்தாக 2020 பெப்ரவரி ஆனது.

சரி, ட்ரோனை நிறுத்தினால் போதுமா? அதுவும் இல்லை. 2014இன் முதல் ஐந்து மாதம் பாகிஸ்தானில் ட்ரோன் தாக்குதலே நடக்கவில்லை, பேச்சும் தொடங்கியது, ஆனால் தாலிபான் கொலைகள் நிற்கவில்லை, ஜூனில் கராச்சி விமான நிலையத்தையே தாக்கினார்கள்.

2007 நவம்பர் 2ஆம் திகதி கிளிநொச்சியில் விமானக் குண்டுவீச்சில் விடுதலைப் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் இறந்தபோது, அவர்களின் பேச்சுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரே போய்விட்டார். இரண்டே மாதத்தில் இலங்கை அரசு போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. இதைக் கண்ணால் பார்த்த நாமே அந்தப் பதிவை அனுப்பிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.