கன்சாஸ் தேர்தல விட்டுட்டீங்களே
அமெரிக்க அடிமைமுறை பத்தின உங்க கட்டுரைல கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்த ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. மேற்குப் பகுதில இதுக்கு வடக்க (மிசௌரி தவிர) அடிமைமுறை கூடாதுன்னு 1820ல மிசௌரி உடன்படிக்கைல கிழிச்ச கோட்ட 1854ல செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த சட்டம் அழிச்சிட்டு, கன்சாஸ், நெப்ராஸ்கால அடிமைமுறை வேணுமா வேணாமான்னு அங்க குடியேறுறவங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ணட்டும்னு விட்டுடுச்சு. ஆனா 1855 மார்ச்ல கன்சாஸ் சட்டசபைக்கு நடந்த தேர்தல்ல ஓட்டுரிமை இருந்தவங்க 3000 பேர் கூட கெடையாது, விழுந்த ஓட்டு 6000க்கு மேல, அடிமைமுறை இருந்த பக்கத்து மாநிலம் மிசௌரிலேருந்து துப்பாக்கியோட கும்பல் கும்பலா எல்லை தாண்டி வந்து போட்டுட்டு போயிருக்காங்க. அப்படி வந்த சட்டசபை என்ன பண்ணுச்சு தெரியுமா, இங்க அடிமை வச்சிக்க உரிமை இல்லன்னு வாயால சொன்னாலே குறைஞ்சது 2 வருஷம் கடுங்காவல்னு சட்டம் போட்டுச்சு! இவ்ளோ சண்டையிலயும் அடிமையா கெடந்த கறுப்பின மக்கள்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல, அவங்களுக்கு ஓட்டும் இல்ல. ப்ளீஸ், அடுத்த பகுதில இத விரிவா எழுதுங்க.