மகள் இருக்கும் ஊரைப் பார்க்கத்தான் போனேன்

நான் போட்ட ஆஸ்திரேலியாப் படங்களுக்கு வந்த அந்த ஒலிச்செய்தியைக் குடும்பக் குழுவில் எல்லோரும் கேட்டாயிற்று. அதற்குக் கீழே வந்து விழுந்த சிரிப்பு முகங்களையும் பார்த்தேன். யார் யார் சிரித்தார்கள் என்பதும் தெரியும். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் குழுவில் இல்லாத உறவுகளும் என் பழைய மாணவிகள் சிலரும்கூட அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

"ஏன் ஆச்சி, ஆஸ்திரேலியா வரைக்கும் போயி ஓடையையும் மரத்தையும் படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கீக, சிட்னியக் கண்ணால பாக்க வேணாமா? புள்ளதான் பட்டிக்காட்டுல மாட்டிக்கிட்டுக் கெடக்கு, நீங்களுமா?"

கேட்டவர் எனக்குத் தம்பி முறை. நல்ல எண்ணத்தில் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். என் பதில் ஒன்றுதான். நான் மகள் இருக்கும் ஊரைப் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த ஊர் ஆதர்ட்டன். குயின்ஸ்லாந்தின் வடக்கே கேர்ன்ஸில் இறங்கி, மலையேறி ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். மேட்டு நிலம், செம்மண், மாட்டுப் பண்ணை, சோளக் காடு. அங்கிருந்து சிட்னி போகும் தூரம், சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். காரைக்குடிக்கு வந்தவரிடம் தாஜ்மகால் பார்த்தீர்களா என்று யாராவது கேட்போமா? மகள் அங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் வண்டி ஓட்டும் சாலை, காய்கறி வாங்கும் கடை, பேத்தி போகும் பள்ளிக்கூடம், இவற்றைப் பார்க்கத்தான் போனேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அவர்கள் கணவர், எங்கள் ஐயா, பர்மாவில் இருந்தவர். ரங்கூனில்கூட இல்லை, ஐராவதி முகத்தில் பியாப்போன் பக்கம் ஒரு சின்ன நெல் ஊரில். அந்தக் காலத்தில் மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். பெண்கள் இங்கே வளவைப் பெருக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். ஐயா அனுப்பிய பர்மாத் தேக்கு எங்கள் முகப்பில் தூணாக நின்றது. ஆயா அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். கடைசிக் காலத்தில் அவர்கள் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா இருந்த ஊர்ல தெருவெல்லாம் எப்படி இருந்திருக்கும்? என்ன மரம் நின்னுருக்கும்?" எனக்கு எப்படித் தெரியும்? 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது ஐயா காடு மலை நடந்து திரும்பிவந்தவர். அந்த ஊரைப் பற்றி அதன்பிறகு அவர் வாய் திறந்ததே இல்லை. வாழ்நாளில் பாதியைப் புருஷன் எங்கே கழித்தார் என்று தெரியாமலே ஆயா போய்ச் சேர்ந்தார்கள்.

நம் முன்னோர் போனதெல்லாம் பெரிய பட்டணங்களுக்கா? சேற்று நிலத்துச் சிற்றூர்களில் கடை வைத்துத்தானே சம்பாதித்தார்கள்? அந்தப் பணத்தில்தானே இன்று சினிமாக்காரர்கள் வாடகைக்குக் கேட்கும் வீடுகள் எழும்பின? அவர்களை யாரும் பட்டிக்காட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லவில்லையே. என் மகள் மட்டும் எப்படி மாட்டிக்கொண்டவள் ஆனாள்?

சரி, ஓடைக்கு வருகிறேன். மகள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் யுங்கபுரா என்று இன்னும் சின்ன ஊர். அங்கே ஓடைக் கரையில் பிளாட்டிபஸ் பார்க்கவென்றே மறைப்பு கட்டி வைத்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரம் போனோம். பேத்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்து, பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். முதலில் தண்ணீரில் குமிழிகள், வரிசையாக. அப்புறம் ஒரு கோடு போல அலை. அதன் முனையில் பழுப்பு முதுகு, தட்டையான அலகு. மேலே வந்து வாயில் இருந்ததை மென்றது, முதுகை வளைத்துத் திரும்ப முங்கிவிட்டது. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிராணி என்று நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். தண்ணீருக்குள் கண், காது, மூக்கு எல்லாம் மூடிக்கொள்ளும். இரையின் உடம்பில் ஓடும் மின்சாரத்தை அலகால் உணர்ந்து பிடிக்கும். ஆணின் பின்காலில் விஷமுள் உண்டு. பாடம் நடத்தியே ஓய்வுபெற்றவள் அதை உயிரோடு பார்த்தேன். அந்தப் படம்தான் நீங்கள் சிரித்த படம்.

அந்த மரமும் அப்படித்தான். ஆல் இனத்து மரம், வேறொரு மரத்தின் மேல் முளைத்து, அதை நெரித்து, சாய்ந்த மரத்திலிருந்து விழுதுகளைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருக்கிறது. விழுது பதினைந்து மீட்டர் உயரம். நம் ஊர் மண்டபமெல்லாம் அதன் அடியில் அடங்கும்.

"வெள்ளைக்காரன் ஊரைப் புகழ்கிறீர்களே, அவர்கள் காட்டை அழிக்கவில்லையா?" என்று ஒரு பேராசிரியர் உறவு கேட்டிருக்கிறார். அழித்தார்கள். அந்த மரம் நிற்கும் வகைக் காடு இப்போது சின்னச் சின்னத் துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மீதியெல்லாம் சோளமும் மாடும். ஆனால் 1982-இல் ஊர்க்காரர்கள் ஒரு குழு தொடங்கி இன்றுவரை நாற்று வளர்த்து நடுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் என் வயதுக்காரர்கள் நாற்றங்காலில் கூடி, மண் பிசைந்து, பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். துண்டுபட்ட காடுகளை இணைக்க மர வரிசை நட்டு, அதன் வழியாகப் பிராணிகள் போய்வரச் செய்திருக்கிறார்கள். நம் கண்மாயில் இப்படி எத்தனை பேர் கூடுகிறோம்?

நம் ஊரை நான் குறைத்துப் பேசுவதாக அடுத்துச் சொல்வீர்கள். வேட்டங்குடிக்கு உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1977-இல் பறவைச் சரணாலயம் ஆன இடம். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் என்று கருவேல மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பறவை மிரளும் என்று அங்கே பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூட. அதைவிடப் பெருமை நம் சீமைக்கு வேறென்ன வேண்டும்? வெளியூர் உறவுகள் வந்தால் கானாடுகாத்தானில் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, கண்டாங்கிச் சேலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சின்ன ஊர் என்றால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்ற நினைப்பு நமக்கு இங்கேயே இருக்கிறது. ஆதர்ட்டன் பக்கத்துச் சதுப்புக்கு மட்டும் எங்கிருந்து மரியாதை வரும்? அங்கே குளிர்காலத்தில் ஆளுயரச் சாரஸ் கொக்குகள் வருகின்றன. சிவப்புத் தலை, சாம்பல் உடம்பு. நம் உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை அது. நம் நாட்டுப் பறவையை நான் முதன்முதலாக மகள் ஊரில்தான் பார்த்தேன்.

செலவைப் பற்றியும் சொன்னார்கள். டிக்கெட் என் ஓய்வூதியத்தில் எடுத்தது, அதில் யாருக்கும் பங்கில்லை. "அங்கே தனியாக இருப்பாளே, நம் சனம் யாருமில்லையே" என்ற கவலையையும் கேட்டேன். இருக்கலாம். சாலையோரம் பூசணியும் வெண்ணெய்ப் பழமும் வைத்து, விலை எழுதி, பக்கத்தில் காசு டப்பாவை விட்டுவிட்டுப் போகிற ஊரில் அவள் இருக்கிறாள். எனக்குப் பெரிய பட்டணத்தைவிட அதுவே நிம்மதி.

அந்த ஊரில் ஒரு சீனக் கோயிலும் இருக்கிறது. 1903-இல் கட்டியது. வெளியே தகரம், உள்ளே மரவேலை. காட்டைத் திருத்திச் சோளம் விளைத்தவர்கள் அந்தச் சீனர்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை அரசாங்கம் திரும்பிவந்த சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆட்கள் கலைந்துபோக, கோயில் மட்டும் நிற்கிறது. அதன் வாசலில் எனக்கு ஐயா நினைவும், பர்மாவில் நம்மவர்கள் விட்டுவந்த தண்டாயுதபாணி கோயில்களின் நினைவும் வந்து நெஞ்சை அடைத்தது. மகள் என்ன ஆத்தா என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சிட்னியில் எனக்கு இது கிடைத்திருக்குமா?

உண்மையில் என்னை நோகடித்தது சிட்னிப் பேச்சு இல்லை. மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இரவுப் பணி முடித்து வந்து, தன்னைப் பட்டிக்காட்டில் கிடப்பவள் என்று சொன்ன குரலையும், தான் சின்ன வயதில் மடியில் உட்கார்ந்து விளையாடிய பெரியவர்கள் போட்ட சிரிப்பு முகங்களையும் அவளும்தான் பார்த்தாள். என்னிடம் "விடுங்க ஆத்தா" என்றாள், அவ்வளவுதான். ஆனால் அவள் குரல் எனக்குத் தெரியாதா? போன வருஷம் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியாதபோது அர்த்த ராத்திரியில் கூப்பிட்டு ஆலோசனை கேட்டீர்களே தம்பி, அப்போது அவள் இருந்தது இதே பட்டிக்காட்டில்தான்.

எனக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள், எண் குழுவிலேயே இருக்கிறது. படங்களை எடுத்துவிடச் சொல்லி இரண்டொருவர் தனியாக எழுதியிருந்தீர்கள். எடுக்கமாட்டேன். கறுத்த முகமும் நீண்ட வாலுமாக மரத்தில் உட்கார்ந்திருக்கும் மரக் கங்காருவின் படம் இன்னும் போடாமல் இருக்கிறது. பேத்திதான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினாள். அதையும் இன்று போடுகிறேன்.