எழுவான்கரைப் பிள்ளைக்குக் கிழக்கு தெரியவில்லை

நேற்று மாலை அக்காவின் மகளை ரியூசன் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் மட்டக்களப்பு நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். நேர் எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா கேட்டேன்: "மகள், கிழக்கு எந்தப் பக்கம்?"

"வலக்கைப் பக்கம், மாமா."

ஏன் என்றேன். தேசப்படத்தில் கிழக்கு வலக்கைப் பக்கம்தானாம்! தரம் 9 படிக்கிற பிள்ளை. பிதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர், மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்று மூச்சுவிடாமல் சொல்வாள். கண்ணெதிரே படுகிற சூரியனை வைத்துத் திசை சொல்ல மாட்டாள்.

இது நடந்தது எந்த ஊரில்? சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று வாவியின் இரு கரைகளுக்கும் திசையையே பெயராக வைத்த ஊரில்! எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிகூடப் புவியியல் பேசிய மண் இது. அந்தச் சொற்களை வகுப்பில் யாராவது ஒரு நாளாவது பிரித்துச் சொல்லியிருந்தால் போதுமே.

அவளுடைய அப்பியாசக் கொப்பியைப் புரட்டினேன். பிளாஸ்டிக் அச்சு வைத்து வரைந்த இலங்கைப் படம், கரையோரமெல்லாம் அழகாக நீலப் பென்சில். மட்டக்களப்புக்கு வைத்த புள்ளி மட்டும் தவறி உள்நாட்டு மகியங்கனைப் பக்கம் போய்க் கிடக்கிறது. கடலும் இல்லை, வாவியும் இல்லை. அதன்மேல் சிவப்பு மையில் பெரிய சரி அடையாளம்! திருத்தியவர் படத்தைப் பார்த்தாரா, நிறத்தைப் பார்த்தாரா? ஆசிரியர்களைக் குறை சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். சொல்லத்தான் போகிறேன்.

மாரி தொடங்கினால் கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் வீதி மூழ்குகிறது, சனம் படகில் போகிறது. கோடையில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண்மேடு அடைத்துக்கொள்கிறது, வெள்ளம் ஏறினால் அதை வெட்டிவிட வேண்டியிருக்கிறது. ஆறு, வாவி, கடல், மழை, மண் எல்லாம் ஒரே இடத்தில். இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது? பஸ் பிடித்தால் அரை மணி நேரம். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்களா? கேட்டால் பாடவிதானம் முடியவில்லையாம். கடந்தகால வினாத்தாள் செய்விக்க மட்டும் நேரம் இருக்கிறது.

குடியியலும் இதே கதைதான். உள்ளூராட்சிக்கு வரைவிலக்கணம் வரிபிசகாமல் வருகிறது. நம் வீதி வடிகானைத் துப்பரவாக்க வேண்டியது மாநகர சபையா, பிரதேச சபையா என்று கேட்டால் விழிக்கிறாள். தரம் 10இல் புவியியல் விருப்பப் பாடம் வேறு. பலரைப் போல இவளும் அதை விட்டுவிட்டால், இந்த வலக்கைக் கிழக்கோடுதான் வாழ்நாள் முழுவதும் அலையப்போகிறாள்.

இரவு பாடம் ஒப்புவிக்க வந்தாள். "வடகீழ்ப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை."

"அந்தக் காற்று நம் வீட்டுக்குள் எந்த யன்னலால் வரும், மகள்?"

கொப்பியை மூடினாள். "அது வினாத்தாளில் வராது, மாமா."